இந்த ஹவுசிங் எத்தனை மெஷினில் இருக்கிறது? ஃப்ரீகேட் 1.0, ஒரு பட்டறையின் அனுபவம்

சென்ற ஆடி மாதம். ஐந்து லிட்டர் கிரைண்டருக்கான 40 பேரிங் ஹவுசிங்குகள் (பேரிங் உட்காரும் வார்ப்புக் கூடுகள்) லேத் வேலை முடிந்து மேசையில் வரிசையாக இருந்தன. அசெம்பிளி பார்க்கும் தம்பி ஒன்றை எடுத்து 6205 பேரிங்கை வைத்தான். வழக்கமாக ஒரு குழாயை வைத்து நாலு தட்டுத் தட்டினால்தான் உள்ளே போகும். அன்று தட்டவே வேண்டியிருக்கவில்லை. பேரிங் தானாக உள்ளே விழுந்து, சுற்றிலும் விரல் நுனி நுழையும் இடைவெளியோடு ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் மூத்த டர்னர் அண்ணன் அந்த ஹவுசிங்கை என் மேசைக்கே எடுத்துவந்தார். "ஏனுங்க அம்மிணி, ட்ராயிங்ல 62ன்னுதானுங்களே போட்டிருக்கீங்க? பாத்துத்தானுங்க போர் அடிச்சேன்" என்றார். தாளை விரித்துப் பார்த்தேன். 62 என்றுதான் இருந்தது. 6205 பேரிங்கின் வெளி விட்டம் 52 மி.மீ. தவறு என்னுடையது.

நடந்தது இதுதான். நான் கோவை கணபதி பக்கம் ஒரு சிறிய பட்டறையில் வரைபட வேலை பார்க்கிறேன். ஹோட்டல்களுக்கும் மாவுக்கடைகளுக்கும் போகும் டில்டிங் கிரைண்டர்கள் செய்கிறோம். பத்து லிட்டர் மாடலில் ஷாஃப்ட் 25 மி.மீ. போதவில்லை என்று 30 ஆக்கினோம். அதற்கேற்ப பேரிங் 6206 ஆனது. 6206 என்றால் வெளி விட்டம் 62, அகலம் 16. ஹவுசிங் கோப்பைத் திறந்து போரை, அதாவது உள்துளையின் விட்டத்தை, 52இலிருந்து 62 ஆக்கினேன், ஆழத்தை ஒரு மி.மீ. கூட்டினேன், பத்து லிட்டர் அசெம்பிளியை (எல்லாப் பார்ட்டும் சேர்ந்த முழு மெஷின் கோப்பை) திறந்து எல்லாம் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்தேன், சேமித்து மூடினேன். அதே ஹவுசிங் கோப்பு ஐந்து லிட்டர் மாடலிலும் இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஐந்து லிட்டருக்கு ஆர்டர் வந்தபோது ட்ராயிங்கைப் புதிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். ட்ராயிங் பார்ட்டோடு இணைந்தது, அதனால் அதுவும் 62 ஆகியிருந்தது.

40 ஹவுசிங்குக்கும் வெளியே 62, உள்ளே 52 என்று புஷ் (உலோக வளையம்) கடைந்து அழுத்தி ஏற்றித்தான் காப்பாற்றினோம். லேத்துக்கு இரண்டு நாள் போனது. முதலாளி திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்மா, இந்தப் பார்ட்டு வேற எந்த மெஷின்ல எல்லாம் இருக்குதுன்னு உன்ற கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

நான் எழுதும் இந்த விமர்சனம் அந்த ஒரு கேள்விக்கு நான் வரையப் பயன்படுத்தும் ஃப்ரீகேட் மென்பொருள் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் பற்றியது. வளைபரப்பு எப்படி வரைகிறது, ரெண்டரிங் எப்படி என்பதையெல்லாம் மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மெஷினைத் திறந்தால் அதற்குள் என்னென்ன பார்ட் என்று எந்த கேட் (கணினியில் வரையும்) மென்பொருளும் மரம்போல் வரிசையிட்டுக் காட்டும். பட்டறையில் காசைத் தின்பது அதற்கு எதிர்த்திசைக் கேள்வி. ஒரு பார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்தெந்த மெஷினுக்குள் போகிறது என்று கேட்பது.

ஃப்ரீகேட் இலவசம், மூல நிரல் திறந்தது, வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. 2000களின் தொடக்கத்தில் யூர்கன் ரீகல் என்ற ஜெர்மானியரின் கையில் தொடங்கியது. 1.0 என்ற எண்ணைத் தொட 2024 நவம்பர் ஆகிவிட்டது. அந்தப் பதிப்பில்தான் அசெம்பிளி வொர்க்பெஞ்ச் (பார்ட்டுகளைக் கோர்க்கும் கருவித் தொகுதி) மென்பொருளோடு சேர்ந்தே வந்தது. அதற்கு முன் ஏ2பிளஸ், அசெம்பிளி3, அசெம்பிளி4 என்று ஏதாவது ஒரு துணைநிரலை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஏ2பிளஸில் இருந்தோம். ஐந்து லிட்டரும் பத்து லிட்டரும் 1.0 வந்த பிறகு அதற்குள் மாற்றிச் செய்தவை, பழைய பதினைந்து லிட்டர் மாடல் இன்னும் ஏ2பிளஸில்தான் கிடக்கிறது.

புதிய அசெம்பிளியில் வேலை செய்வது சுகம். அடிச்சட்டத்தை முதலில் கொண்டுவந்து அசையாமல் நிலைநிறுத்துவேன். ஹவுசிங்கை அதன்மேல் ஃபிக்ஸட் ஜாயின்ட், ஷாஃப்ட்டுக்குச் சுழலவிடும் ரெவல்யூட் ஜாயின்ட், மோட்டார் பலகைக்கு நகரவிடும் ஸ்லைடர். டிரம்மை மௌசால் பிடித்துச் சுற்றினால் திரையில் சுற்றும். பெல்ட்டை இறுக்க மோட்டார் பலகையை நகர்த்தினால் நகரும். இந்த அசைவைக் கணக்கிடும் பகுதிக்கு ஆன்ட்செல் சால்வர் என்று பெயர். ஆன்ட்செல் என்பது ஃப்ரீகேட்டை ஒட்டி வளர முயன்ற ஒரு நிறுவனம். 2024இலேயே மூடிவிட்டது. நிரல் திறந்ததாக இருந்ததால் சால்வர் மட்டும் ஃப்ரீகேட்டுக்குள் உயிரோடு இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு பார்ட்டில் ஓர் ஓரத்தைச் செதுக்கினால் அதன் முகங்களுக்கு மென்பொருள் தரும் எண்கள் மாறி, அந்த முகத்தைப் பிடித்திருந்த எல்லாம் கலைந்துபோகும். 1.0இல் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1.0இல் ஒரு பார்ட்டை அசெம்பிளிக்குள் கொண்டுவந்தால் அதன் நகல் வருவதில்லை, லிங்க் வருகிறது. ஹவுசிங் கோப்பு ஒன்றுதான், அதை எத்தனை அசெம்பிளிகளில் வேண்டுமானாலும் சுட்டிக்காட்டலாம். மூலக் கோப்பில் போரை மாற்றினால் சுட்டும் எல்லா இடத்திலும் மாறும். ஏ2பிளஸ் அப்படி இல்லை. அது பார்ட்டின் வடிவத்தை அசெம்பிளிக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். நாம் புதுப்பிக்கச் சொன்னால்தான் மூலக் கோப்பைப் போய்ப் பார்க்கும். பழைய முறையில் மாற்றம் பரவாமல் போகும் ஆபத்து, புதிய முறையில் நமக்குத் தெரியாமலே பரவிவிடும் ஆபத்து. எனக்கு நேர்ந்தது இரண்டாவது. ஐந்து லிட்டர் அசெம்பிளியை ஒருமுறை திறந்திருந்தாலே பேரிங்கைச் சுற்றி இடைவெளி தெரிந்திருக்கும். திறக்கக் காரணம் இருக்கவில்லை, திறக்கவில்லை.

சரி, ஃப்ரீகேட்டிலேயே இதற்கு வழி இருக்கிறதா என்று மெனு மெனுவாகத் தேடினேன். மரத்தில் ஒரு பார்ட்டின்மேல் வலது சொடுக்கினால் லிங்க் தொடர்பான கட்டளைகளில் 'செலக்ட் ஆல் லிங்க்ஸ்' என்று ஒன்று உண்டு. அந்தப் பார்ட்டைச் சுட்டும் எல்லா லிங்க்கையும் அது தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. முதலில் பார்த்தபோது இதுதான் விடை என்று நினைத்தேன். இல்லை. திறந்திருக்கும் கோப்புகளுக்குள் மட்டும்தான் அதற்குக் கண் தெரியும். மூடிக் கிடக்கும் அசெம்பிளியை அது அறியாது. எது எதில் இருக்கிறது என்று தெரியாமல்தானே தேடுகிறோம், எதைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுவது? 'டிபென்டன்சி கிராஃப்' என்று இன்னொன்று இருக்கிறது. கிராஃப்விஸ் என்ற வேறொரு நிரலின் துணையோடு, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று படமாக வரையும். ஒரே கோப்புக்குள் ஏன் இது கணக்கிட மறுக்கிறது என்று பார்க்க நல்ல கருவி. ஆனால் ஒரு கிரைண்டரின் முழுப் படத்தை வரையச் சொன்னால் சிக்கலெடுக்காத நூல்கண்டுபோல வருகிறது. அதிலும் திறக்காத கோப்பு வராது.

ஆக, கோப்புறை முழுவதையும் பார்த்து இந்தப் பார்ட் இங்கெல்லாம் இருக்கிறது என்று சொல்லும் பொத்தான் ஃப்ரீகேட் 1.0இல் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அதற்காக மட்டும் மென்பொருள் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் நிறுத்தாததற்குக் காரணம் என் கூடப்பிறந்த தம்பி. கல்லூரியில் பைத்தான் என்ற நிரல்மொழி படித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கணினியில் அந்த ஹவுசிங் கோப்பை நகலெடுத்து, அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிச் சொடுக்கினான். திறந்துகொண்டது. "அக்கா, இது சும்மா ஜிப் ஃபைல்தான். உள்ள எல்லாம் எழுத்தாவே இருக்குது பாரு" என்றான். உண்மைதான். ஃப்ரீகேட் கோப்பு என்பது ஒரு ஜிப் பொட்டலம். வடிவங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன, சிறு படம் ஒன்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் தலையாக 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் (எழுத்தாகவே படிக்கக்கூடிய) கோப்பு ஒன்று இருக்கிறது. அசெம்பிளியின் எக்ஸ்எம்எல்லைத் திறந்து 'எக்ஸ்லிங்க்' என்று தேடினோம். ஒவ்வொரு வெளிக் கோப்புக்கும் அதன் பாதை, அதற்குள் எந்தப் பொருள், கடைசியாகப் பார்த்தபோது அதன் நேர முத்திரை என்ன என்பதுவரை வரியாக எழுதியிருந்தது. எங்கள் ஹவுசிங் பெயரும் அதில் இருந்தது. அந்த வரியை அன்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லித் தீராது. 40 வார்ப்புகளைக் கெடுக்காமல் தடுத்திருக்கக்கூடிய செய்தி எங்கள் கணினியில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. கேட்பதற்கு ஆளில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலைக்குள் நாற்பது வரிகளில் ஒரு சிறு நிரல் தயார். அது செய்வது எளிது. கோப்புறையிலுள்ள ஒவ்வொரு ஃப்ரீகேட் கோப்பையும் ஜிப்பாகத் திறக்கிறது, எக்ஸ்எம்எல்லைப் படிக்கிறது, வெளிக் கோப்பைச் சுட்டும் வரிகளை மட்டும் எடுக்கிறது, 'இந்த அசெம்பிளி, இந்தப் பார்ட்' என்று ஜோடியாக எழுதிக்கொள்கிறது. எல்லாம் முடிந்ததும் ஜோடியைத் திருப்பிப் போட்டு, பார்ட்டின் பெயரில் அடுக்குகிறது. பிறகு மேலே ஏறுகிறது. ஹவுசிங் 'ஷாஃப்ட் செட்' என்ற துணை அசெம்பிளியில் இருந்தால், அந்த செட் எந்த மெஷினில் இருக்கிறது என்று அடுத்த படி பார்க்கிறது. இந்த ஏறும் வேலை மிக முக்கியம். ஒரு படியோடு நின்றால் 'ஷாஃப்ட் செட்' என்ற பெயர் மட்டும் வரும், அது மூன்று மெஷின்களுக்குப் பொது என்ற செய்தி வராது. பைத்தானோடு வரும் ஜிப், எக்ஸ்எம்எல் நூலகங்களே போதும், வேறெதையும் நிறுவவில்லை. ஃப்ரீகேட்டையே திறக்க வேண்டியதில்லை. எங்கள் கோப்புறையில் இருநூற்றுச் சொச்சம் கோப்புகள். ஒரு மடக்கு காபி குடிப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது.

இரண்டு இடங்களில் தடுக்கினோம். முதலாவது, பழைய ஏ2பிளஸ் அசெம்பிளிகளில் எக்ஸ்லிங்க் வரிகளே இல்லை. அங்கே மூலக் கோப்பின் பாதை 'சோர்ஸ் ஃபைல்' என்ற பண்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதையும் படிக்கும்படி தம்பி நாலு வரி சேர்த்தான். இரண்டாவது, ஃப்ரீகேட் தானாக எடுத்து வைக்கும் காப்புக் கோப்புகள். பின்னொட்டு வேறாக இருந்தாலும் அவையும் அதே ஜிப்தான். முதலில் கோப்புறையிலுள்ள எல்லாவற்றையும் படிக்கச் சொன்னதால் ஒவ்வொரு அசெம்பிளியும் இரண்டு முறை வந்தது.

பிறகு பட்டியலை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். ஹவுசிங்குக்கு நேரே மூன்று மெஷின்கள் வர வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். இரண்டுதான் வந்தன. பதினைந்து லிட்டர் வரவில்லை. நிரலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். கோளாறு கோப்புறையில் இருந்தது. பதினைந்து லிட்டர் அசெம்பிளி சுட்டிக்கொண்டிருந்தது உண்மையான ஹவுசிங்கை அல்ல. எப்போதோ 'பேக்கப்' என்று பெயரிட்டு நான் எடுத்து வைத்த கோப்புறைக்குள் இருந்த நகலை. அதே பெயர், கிட்டத்தட்ட அதே வடிவம், வேறு கோப்பு. மூலத்தில் நான் செய்யும் எந்தத் திருத்தமும் அதற்குப் போய்ச் சேராது. பதினைந்து லிட்டருக்கு அடுத்த ஆர்டர் வந்திருந்தால், நாங்கள் இப்போது பயன்படுத்தாத பழைய போல்ட் துளை வட்டத்தோடு வார்ப்பு செய்திருப்போம். வரவேண்டிய இடத்தில் ஒரு பெயர் வராமல் போனதால்தான் இது அகப்பட்டது.

எந்த அசெம்பிளியிலும் இல்லாத பார்ட்டுகள் 31 வந்தன. தம்பி அழித்துவிடலாமா என்றான். வேண்டாம் என்றேன். பத்து வருடத்துக்கு முன் விற்ற மெஷினுக்கு ஒருவர் இன்றைக்கும் புல்லி கேட்டு வருவார். ஃப்ரீகேட்டுக்கு வருமுன் காகிதத்தில் இருந்த அசெம்பிளிகள் அவை. 'அசெம்பிளி இல்லை' என்பதற்கும் 'தேவை இல்லை' என்பதற்கும் உள்ள தூரம் அதிகம். 31 பெயர்களையும் டர்னர் அண்ணனிடம் படித்துக் காட்டி, அவர் தெரியாது என்று சொன்ன ஏழு பார்ட்டுகளை மட்டும் தனிக் கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

போல்ட், நட் விஷயத்தில் இந்த வழி வேலை செய்யாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் 'ஃபாஸ்டனர்ஸ்' என்ற துணைநிரலைப் பயன்படுத்துகிறோம். அருமையான கருவி. ஐஎஸ்ஓ 4762 ஆலன் போல்ட், எம்8, நீளம் 25 என்று தேர்ந்தெடுத்தால் உடனே வந்து துளையில் உட்காரும். ஆனால் அது எந்த வெளிக் கோப்பையும் சுட்டுவதில்லை. அசெம்பிளிக்குள்ளேயே பிறந்து அங்கேயே இருக்கிறது. எனவே 'எம்8 ஆலன் எந்தெந்த மெஷினில்' என்று கேட்டால் லிங்க் வழியே விடை வராது. அதன் வகை, விட்டம், நீளம் என்ற பண்புகளைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை நாங்கள் இன்னும் செய்யவில்லை. போல்ட் மாறினால் 40 வார்ப்பு கெடாது என்பதால் அவசரப்படவில்லை.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 'எதில் இருக்கிறது' என்பதற்கு எங்கள் நிரல் பதில் சொல்லும், 'எத்தனை இருக்கிறது' என்பதற்கு நான் அதை நம்புவதில்லை. துணை அசெம்பிளிக்குள் துணை அசெம்பிளி வரும்போது எண்ணுவதில் தப்பு வர வழி நிறைய. அதற்கு 1.0இன் அசெம்பிளி வொர்க்பெஞ்சிலேயே 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' இருக்கிறது. பார்ட்டின் பெயர், அது வரும் கோப்பின் பெயர், எண்ணிக்கை என்று அட்டவணை போட்டுத் தரும். துணை அசெம்பிளியை ஒரே வரியாகக் காட்டவா, பிரித்துக் காட்டவா என்று நாம் சொல்லலாம். நாமே வேறு பத்தி சேர்க்கலாம். நான் 'வார்ப்பு எடை' என்று ஒன்று சேர்த்திருக்கிறேன், ஃபவுண்டரிக்குக் கணக்குச் சொல்ல. கோப்பின் பெயரையும் ஒரு பத்தியாகத் தருவது சின்ன விஷயம்போலத் தெரியும். தவறான கோப்பைச் சுட்டும் வரிகள் கண்ணில் பட அந்தப் பத்திதான் உதவுகிறது. பெயர்களை எண்ணோடு வைத்தால் மட்டுமே அது உதவும். 'ஹவுசிங் புதுசு', 'ஹவுசிங் கடைசி' என்று நான் ஒரு காலத்தில் வைத்த பெயர்களை வைத்துக்கொண்டு எந்த அட்டவணையாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் இந்த வசதி எப்படி என்று கேட்பீர்கள். சாலிட்வொர்க்ஸின் புரொஃபெஷனல், பிரீமியம் உரிமங்களோடு பிடிஎம் ஸ்டாண்டர்டு என்ற கோப்பு நிர்வாக நிரல் வருகிறது. அதில் கோப்பைத் தொட்டால் கீழே 'வேர் யூஸ்டு' (எங்கே பயன்படுகிறது) என்று ஒரு தாவல், அதில் பட்டியல் தயாராக இருக்கும். இன்வென்டர் மென்பொருளோடு வரும் வால்ட் என்ற அதேபோன்ற நிரலிலும் அதே பெயரில் உண்டு. ஃபியூஷனில் கோப்பின் விவரத்தில் 'யூஸ்டு இன்' என்று காட்டுகிறது. ஆனால் ஃபியூஷனின் இலவச உரிமம் வணிகத்துக்கு அல்ல, ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகளும் பத்துதான். பட்டறைக்கு அது ஒத்துவராது. மற்ற இரண்டிலும் பதில் ஒரே சொடுக்கில் வருகிறது. அதோடு ஒருவர் கோப்பை எடுத்தால் மற்றவர் கைவைக்க முடியாதபடி பூட்டுகிறது, பழைய பதிப்புகளைத் தேதியோடு காக்கிறது. ஐந்தாறு பேர் ஒன்றாக வரையும் இடமென்றால் யோசிக்காமல் அந்தப் பக்கம் போங்கள் என்பேன். அங்கேயும் ஒன்று உண்டு: முறையாக உள்ளே சேர்த்த கோப்பு மட்டும்தான் பட்டியலில் வரும். யாரோ ஒருவர் தன் டெஸ்க்டாப்பில் வைத்து வரைந்துகொண்டிருக்கும் அசெம்பிளி வராது.

ஃப்ரீகேட்டில் பூட்டு இல்லை. ஒரே கோப்பை இரண்டு பேர் திறந்து சேமித்தால் கடைசியாகச் சேமித்தவருடையதே நிற்கும். எங்கள் இடத்தில் நான் ஒருத்திதான் வரைகிறேன், அதனால் தப்பித்தோம். இன்னொன்று, கோப்பின் பெயரை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் மாற்றவே கூடாது. மாற்றினால் அதைச் சுட்டிய அசெம்பிளிகள் அடுத்த முறை அந்தப் பார்ட் இல்லாமல் திறக்கும். எத்தனை அசெம்பிளி என்று தெரியாததால் எத்தனை உடைந்தது என்றும் தெரியாது. இப்போது பெயர் மாற்றும் முன் பட்டியலை ஓட்டுகிறேன். மறுபக்கம் ஒரு நல்லதும் உண்டு. பாதைகளை அசெம்பிளி இருக்கும் இடத்திலிருந்து சார்புப் பாதையாகவே எழுதிக்கொள்கிறது. எனவே கோப்புறை முழுவதையும் அப்படியே பென் டிரைவில் போட்டு வீட்டுக் கணினியில் திறந்தாலும் ஒன்றும் உடைவதில்லை.

எங்கள் வேலைமுறையில் இதனால் வந்த மாற்றம் ஒன்று. எந்தப் பார்ட்டில் கைவைக்கும் முன்னும் பட்டியலைப் பார்க்கிறேன். ஒரே மெஷின் என்றால் நேரே திருத்துகிறேன். ஒன்றுக்கு மேல் என்றால் அடுத்த கேள்வி: பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்ட முடியுமா, எல்லா மெஷினிலும்? முடியும் என்றால் அதே எண்ணில் திருத்தம். முடியாது என்றால் கோப்பை நகலெடுத்துப் புது எண் கொடுக்கிறேன், தேவையான அசெம்பிளியில் மட்டும் லிங்க்கை மாற்றுகிறேன். ஹவுசிங் இப்போது 205, 206 என்று இரண்டு எண்களில் இருக்கிறது, பேரிங்கின் எண்ணையே வைத்துவிட்டேன். டர்னர் அண்ணனுக்கும் அதைக் கேட்டதும் அளவு நினைவுக்கு வந்துவிடுகிறது.

யாருக்கு ஃப்ரீகேட்டைப் பரிந்துரைப்பேன்? ஒருவரோ இருவரோ வரையும் பட்டறை, சொந்தமாக மெஷின் செய்பவர்கள், ஒரே பார்ட்டைப் பல மாடல்களில் போடுபவர்கள், வீட்டிலோ பக்கத்திலோ கொஞ்சம் பைத்தான் தெரிந்த பிள்ளை இருப்பவர்கள். இவர்கள் தைரியமாக வரலாம். பைத்தான் தெரிந்தவர் யாருமே இல்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பொத்தான் இல்லாத குறையை அந்த நாற்பது வரிகள்தான் எங்களுக்கு ஈடுகட்டின. ஃப்ரீகேட் ஆட்களிடம் என் ஒரே விண்ணப்பம், இதை மென்பொருளுக்குள்ளேயே கொண்டுவாருங்கள். கோப்புறையைக் காட்டச் சொல்லுங்கள், பார்ட்டைத் தொட்டதும் பட்டியலைக் காட்டுங்கள். தேவையான செய்தியெல்லாம் கோப்புகளுக்குள் ஏற்கெனவே எழுதியிருக்கிறது.

நேற்று மதியம் பத்து லிட்டர் மாடலின் மோட்டார் புல்லியை ஏ செக்‌ஷன் பெல்ட்டிலிருந்து அதைவிட அகலமான பி செக்‌ஷன் பெல்ட்டுக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. மாவு கெட்டியாக இருக்கும்போது பெல்ட் வழுக்குகிறதாம். கோப்பைத் திறக்கவில்லை, முதலில் பட்டியலை ஓட்டினேன். நான்கு வரி வந்தது. ஐந்து லிட்டர், பத்து லிட்டர், பதினைந்து லிட்டர், அப்புறம் நான் மறந்தே போயிருந்த தேங்காய்த் துருவி ஸ்டாண்டு. புல்லிக்குப் புது எண் போட்டேன். நான்கு வரியையும் அச்செடுத்து, பத்து லிட்டருக்கு நேரே மட்டும் சிவப்பில் டிக் அடித்து லேத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். "அப்ப மத்த மூணுக்கும் பழசேதானுங்க அம்மிணி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாளை ட்ராயிங்கோடு சேர்த்துப் பின் அடித்து, மெஷினுக்கு மேலே இருக்கும் கம்பியில் மாட்டிக்கொண்டார்.